தம்பிரான் மாடும் ஒரு சட்டி ஸ்டூவும்

தேனி மாவட்டம் கம்பத்தில் ஒரு மாட்டு மந்தைக்குக் கோயில் மரியாதை உண்டு. தம்பிரான் மாட்டுத் தொழுவம் என்பார்கள். நந்தகோபாலன் கோயில் என்றும் பெயர். கன்னடம் பேசும் ஒக்கலிகர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் மந்தை அது. அங்கே வணங்கப்படுவது மாடுகள்தான். மந்தைக்கு ஓர் அரசன் உண்டு, பட்டத்துக்காளை. 1906இல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் இந்த மந்தையைப் பற்றி வியப்போடு எழுதியிருக்கிறார். பட்டத்துக்காளை இறந்துவிட்டால் மந்தையின் முன் கரும்புக் கட்டை வைப்பார்கள். எந்தக் காளை முதலில் நெருங்கி வருகிறதோ அதற்கே அடுத்த பட்டம். மாட்டுப் பொங்கலன்று பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து கும்பிடுகிறார்கள். நேர்ந்துகொண்டவர்கள் தங்கள் வீட்டில் பிறந்த கன்றைக் கொண்டுவந்து மந்தையில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

அதே கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. அங்கே காலையில் ஆப்பத்தோடு மாட்டுக்கறி ஸ்டூ கிடைக்கும். மலை ஏறாமலேயே இந்தப் பக்கத்து ஊர்களிலும் எத்தனையோ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் மாட்டுக்கறி வேகிறது. முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், தலித்துகள், பிற சாதிகளில் வெளியே சொல்லாமல் சாப்பிடுகிறவர்கள் எனப் பல வீடுகள்.

ஸ்டூ எளிய சமையல். கழுத்துக்கறியோ முன்னங்கால் கறியோ எலும்போடு வாங்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், தட்டிய மிளகு; பிறகு வெங்காயம், இஞ்சி, கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை. வெங்காயம் சிவக்கக் கூடாது, வதங்கினால் போதும். கறியைப் போட்டு மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் மேலே திரளும் நுரையை எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்துவிட வேண்டும். இரண்டு மணி நேரம் ஆகும். வயதான மாடானால் மூன்று. உருளைக்கிழங்கும் கேரட்டும் கடைசி அரை மணியில் போதும். இரண்டாம் தேங்காய்ப்பால் ஒரு கொதி கொதிக்கலாம். முதல் பாலை ஊற்றியபின் கொதிக்கவிடக் கூடாது, திரிந்துவிடும்.

இவ்வளவு நேரம் எதற்கு? நடந்து உழைத்த தசையில் சவ்வு அதிகம். அந்தச் சவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஏறத்தாழ 70 டிகிரி செல்சியசுக்கு மேல் மெதுவாகத்தான் கரைந்து ஜெலட்டினாக மாறும். தளதளவென்று கொதிக்கவிட்டால் தசைநார் இறுகி வறண்டுபோகும். சட்டிக்கு வருவது பெரும்பாலும் வயதான மாடு என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958, ஒரு மாட்டை அறுக்கச் சான்றிதழ் கேட்கிறது: 10 வயதைக் கடந்திருக்க வேண்டும், வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். ஆகவே அடுப்பில் இருப்பது வாழ்ந்து, உழைத்து, ஓய்ந்த மாட்டின் கறி. அதில் விழும் ஏலக்காய்க்கும் இந்த மண்ணோடு உறவு உண்டு. விடியுமுன் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி இடுக்கி மலைத் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் பறித்துத் தரும் ஏலக்காய்தான் புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலத்துக்கு வருகிறது.

ஒரே பள்ளத்தாக்கு, ஒரே விலங்கு. ஒரு வீட்டுக்குத் தெய்வம், அடுத்த வீட்டுக்கு ராச்சாப்பாடு. இதில் பாவம் எங்கே இருக்கிறது? சட்டியிலா, அறுத்தவர் கையிலா, விற்றவர் பையிலா, உண்டவர் வயிற்றிலா? வெட்கப்பட வேண்டியவர் யார்? தேர்தல் மேடைகளில் இந்தக் கேள்வி கோஷமாகச் சுருங்கிவிடுகிறது. அதை நிதானமாகக் கேட்கத் தேனி மாவட்டத்தைப் போலப் பொருத்தமான இடம் அமைவது அரிது. இங்கே பாறையிலும் கல்லிலும் கூட அந்த விவாதம் பதிந்திருக்கிறது.

வைகைக் கரையில், ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்ற சிற்றூர் இருக்கிறது. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இந்தியாவில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை அவை. அதில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், உயிர்விட்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். கம்பத்துக்கு அருகே இருக்கும் இன்றைய கூடலூரே அது என்று கொள்வாரும் உண்டு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் மாட்டுக்காக மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அன்று மாடு செல்வம். மீட்டவனும் கவர்ந்தவனும் வீரர்கள். ஆனால் அந்தக் காலத்து மக்கள் மாட்டை உண்டதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அகநானூற்றின் 309ஆம் பாடல், தெய்வம் உறையும் வேம்பின் அடியில் கொழுத்த ஆவைப் பலியிட்டு அதன் இறைச்சியைப் பாறைமேல் வேகவைத்து உண்ட, ஆநிரை கவர்ந்த மழவர்களைக் காட்டுகிறது. காப்பதற்காகச் சாவதும் தெய்வத்துக்குப் படைத்து உண்பதும் ஒரே காலத்துத் தமிழ் வாழ்க்கையில் அருகருகே இருந்தவை. மாட்டுக்கறி வெளியிலிருந்து வந்த பழக்கம் என்பதற்கும், மாட்டின்மேல் உள்ள பக்தி வெளியிலிருந்து வந்து ஏறியது என்பதற்கும் இந்த மண் ஒத்துக்கொள்ளவில்லை.

கொல்லாமையும் இங்கே பழையதுதான். உத்தமபாளையத்தில் கருப்பண்ணசாமி பாறை என்று மக்கள் சொல்லும் குன்றில் சமணத் தீர்த்தங்கரர்களின் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அவற்றில் அச்சணந்தி என்ற துறவியின் பெயரும் வருகிறது. எறும்பையும் மிதிக்கக் கூடாது என்று நடந்தவர்கள் தங்கிய பாறை, இன்று கிடாவெட்டு வாங்கிக்கொள்ளும் காவல் தெய்வத்தின் பெயரால் அழைக்கப்படுகிறது. ஒன்றை ஒன்று அழித்துவிடவில்லை.

சமணம் இந்தக் கேள்வியை எப்படி அணுகியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம் என்று அது இரண்டு படி வைத்தது. இறைச்சிக்கு இரண்டு படியிலும் இடமில்லை. அதில் சமணர்கள் விட்டுக்கொடுத்ததே கிடையாது. ஆனால் உழுகிறவன் மண்ணுக்குள் இருக்கும் உயிர்களுக்குத் தீங்கு நேராமல் உழ முடியாது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால் அவரவர் தாங்கும் அளவுக்கு அவரவர் ஏற்றுக்கொள்வதாக விரதத்தை வகுத்தார்கள். விரதம் என்றால் ஒருவர் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும் சுமை. பக்கத்து வீட்டுக்காரரின் தலையில் இறக்கி வைத்தால் அது கட்டளையாகிவிடும்.

திருக்குறளின் அமைப்பும் இதையே காட்டுகிறது. புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம்; இருக்கும் இடம் இல்லறவியலில் அல்ல, துறவறவியலில். பரிமேலழகர் துறவறத்தை விரதம், ஞானம் என்று பகுத்து, புலால் மறுத்தலை விரதத்தின் கீழ்தான் வைக்கிறார். வள்ளுவர் சொல்வதில் இளக்கம் எதுவும் இல்லை. உண்பவர் இல்லாவிட்டால் விற்பவரும் இருக்க மாட்டார் என்று அவர் வைக்கும் வாதத்துக்கு இன்றுவரை சரியான மறுப்பு கிடையாது. கறி தின்பவர் ‘நான் கொல்லவில்லை’ என்று தப்பித்துக்கொள்ள அவர் இடம் கொடுப்பதில்லை.

அந்த வாதத்தை முழு மனதோடு ஏற்பவர் அதைப் பாதியில் நிறுத்திவிட முடியாது. மாடு கறக்க வேண்டுமானால் கன்று ஈன வேண்டும். ஈன்றதில் ஏறக்குறைய பாதி காளைக்கன்று. முன்பு அதற்கு ஏர் இருந்தது, வண்டி இருந்தது, கமலை இருந்தது. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களில் இன்று உழுவது டிராக்டர். கிணற்றடியில் கமலை போய் மோட்டார் வந்து பல காலம் ஆகிறது. கலப்பினக் காளைக்கன்று பிறந்தால் அதை வைத்து என்ன செய்வது என்று சின்ன விவசாயிக்குத் தெரியவில்லை. பால் வற்றிய கிழட்டுப் பசுவும் அப்படித்தான். தீவனம் விலைக்கு வாங்கிக் கட்டிப்போட்டுக் காப்பாற்ற அவரிடம் வசதி இல்லை. சந்தைக்கு ஓட்டுகிறார். தேநீரில் பால் ஊற்றிக் குடிப்பவர், கோயிலில் பாலாபிஷேகம் செய்பவர், தயிர்சாதம் உண்பவர் எல்லோரும் அந்தச் சந்தைக்குப் போகும் பாதையில் எங்கோ ஓர் இடத்தில் நிற்கிறார்கள். இதைச் சொல்வது அவர்களைக் குற்றவாளியாக்க அல்ல. பாவம் என்று ஒன்று உண்டென்றால், அது ஸ்டூ சட்டி வைத்திருக்கும் வீட்டோடு நின்றுவிடாது என்பதற்காக.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி எழும். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் பிறர் செய்த வேள்வியில் தலையிட்டவன்தானே? வேள்விக்காகக் கட்டிவைத்த பசு நடுங்குவதைக் கண்டு பொறுக்காமல் இரவில் அதை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனான் அந்தச் சிறுவன். அவன் செய்தது சரியென்றால், மாட்டைக் காக்கப் பிறர் காரியத்தில் குறுக்கிடுவதும் சரிதானே?

இந்தக் கேள்வி வலுவானது, ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் ஆபுத்திரன் யாரை எதிர்த்து நின்றான் என்று பார்க்க வேண்டும். ஊரில் ஓதும் அதிகாரமும் ஒதுக்கிவைக்கும் அதிகாரமும் பெற்றவர்களை எதிர்த்து நின்றான். அடியைத் தன் உடம்பில் வாங்கினான், கையை ஓங்கவில்லை. வளர்த்த தந்தையும் கைவிட, தன்னந்தனியாக மதுரைக்குப் போய்ப் பிச்சை எடுத்தான். எடுத்ததைக் குருடருக்கும் முடவருக்கும் ஆதரவற்றவருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தான் உண்டான். சிந்தாதேவி அவன் கையில் அமுதசுரபியைக் கொடுத்தது அதன் பிறகுதான். பசுவின்மேல் பிறந்த இரக்கம் மனிதப் பசியில் போய் முடிந்தது. அந்தப் பாத்திரத்தோடு வந்த பிறகு, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று எந்தப் பசித்தவனையும் அவன் கேட்டதாகக் காப்பியத்தில் இல்லை. பசுவின் பெயரால் ஏழை வியாபாரியை நெடுஞ்சாலையில் இழுத்துப்போட்டு அடிப்பவர்கள் ஆபுத்திரனைத் துணைக்கு அழைக்க முடியாது.

வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. கொல்லாமையில் அவரைவிடக் கண்டிப்பானவரைத் தமிழ் மண் கண்டதில்லை. உயிர்க்கொலையும் புலாலும் உடையவர்களைத் தம் உறவினத்தார் அல்லர் என்றே அவர் தள்ளிவைத்தார். அந்தச் சொல் கடுமையானது. கறி உண்ணும் வீட்டில் பிறந்தவர் அதைப் படிக்கும்போது நிச்சயம் வலிக்கும். ஆனால் அதே மூச்சில், அவர்களுக்கும் பசியைத் தவிர்க்க வேண்டும் என்றார். எவ்வளவு கடுமையான விரதக்காரரும் பந்தியிலிருந்து ஒருவரை எழுப்பிவிட முடியாதபடி அந்த ஒரு வரம்பை அவரே கட்டிவைத்தார்.

காந்தியும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். பசுவை வணங்குவதாகச் சொல்லிக்கொள்ள அவர் ஒருபோதும் தயங்கியதில்லை. ஆனால் 1947 ஜூலை 25 அன்று தில்லியில் நடந்த பிரார்த்தனைக் கூட்டத்தில், பசுவதைத் தடைச் சட்டம் கேட்டு வந்து குவிந்த கடிதங்களையும் தந்திகளையும் பற்றிப் பேசியபோது, அப்படி ஒரு சட்டம் போட முடியாது என்றார். பசுவைக் கொல்வதில்லை என்பது தன் விரதம். மனம் ஒப்பாத இன்னொருவரை எப்படிக் கட்டாயப்படுத்துவது என்று கேட்டார். அதற்கு 38 ஆண்டுகள் முன்பே, இந்து சுயராஜ்யத்தில், பசுவைக் காக்க முஸ்லிம் சகோதரனிடம் மன்றாடலாம், அவனைக் கொல்லலாகாது என்று எழுதியவர் அவர்.

உண்பவர்களின் மறைநூல்களிலும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. கொரிந்து நகரத்தில் சிலைகளுக்குப் படைத்த இறைச்சியைக் கிறிஸ்தவர்கள் உண்ணலாமா என்ற சண்டை மூண்டபோது பவுல் எழுதிய பதில் ஆழமானது. உணவு யாரையும் கடவுளிடம் நெருக்கவும் செய்யாது, விலக்கவும் செய்யாது. ஆனால் தான் உண்பது ஒரு சகோதரனை இடறச் செய்யுமானால் இறைச்சியையே விட்டுவிடத் தயார் என்றார். உண்ணும் உரிமையை ஒப்புக்கொண்டு, பிறகு அன்பின் பொருட்டுத் தானே விட முன்வருகிறார். பக்ரீத் குர்பானியில் ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம். கறியை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கை ஏழைக்குக் கொடுப்பது வழக்கம். இறைவனைச் சென்றடைவது இறைச்சியோ இரத்தமோ அல்ல, இறையச்சமே என்கிறது குர்ஆன். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் பெருநாளன்று அந்தப் பங்கு தெருவில் வீடு வீடாகப் போகிறது.

மேலே சொன்னவர்கள் எல்லோருக்கும் உண்பதா விடுவதா என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பே மறுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். ஊரில் மாடு செத்தால் இழுத்துப்போக ஒரு சாதி, தோலுரிக்க ஒரு சாதி என்று வைத்து, கூலியாகச் செத்த மாட்டையே கொடுத்து, பிறகு அதைத் தின்கிறவர்கள் என்று சொல்லி ஒதுக்கினார்கள். அந்தத் தோலில்தான் ஊருக்குச் செருப்பு வந்தது, கமலைச் சாலுக்கு வால் வந்தது, பறை வந்தது. கச்சேரி மேடையில் வைத்துக் கும்பிடும் மிருதங்கத்திலும் பசுத்தோல் இருக்கிறது. அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில், மாட்டிறைச்சி உண்பதே தீண்டாமையின் வேராக ஆக்கப்பட்டது என்று வாதிட்டார். பசு புனிதமாக்கப்பட்டபோது, பௌத்தத்தை விடாமல் ஊருக்கு வெளியே சிதறிக் கிடந்த ஏழை மக்கள் செத்த மாட்டை உண்டார்கள். அதனாலேயே விலக்கப்பட்டார்கள் என்பது அவர் முடிவு. வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அதே அம்பேத்கர் 1927இல் மகத் மாநாட்டில், செத்த மாட்டை உண்பதை விட்டுவிடுங்கள் என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். மேல்சாதி மெச்சுவதற்காக அதைச் சொல்லவில்லை; தம் மக்கள் தங்களைத் தாங்களே மதிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார். அதுவும் ஒரு விரதம்தான்.

இன்றும் தமிழ்நாட்டு நகரங்களில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம் ‘நீங்க கவிச்சி சாப்பிடுவீங்களா?’ என்றுதான் பேச்சு தொடங்குகிறது. பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி திறந்து, கையால் மறைத்துச் சாப்பிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்று ஆக்கிக் கொடுத்ததை ஒரு குழந்தை வெட்கத்தோடு விழுங்குகிறது என்றால் அங்கே ஓர் உயிருக்குத் தீங்கு நடந்துவிட்டது. மாட்டின் வலியை உணரத் தெரிந்த மனத்துக்கு அந்தக் குழந்தையின் வலி தெரியாமல் போவதற்கு எந்தச் சமயத்திலும் நியாயம் இல்லை.

தம்பிரான் தொழுவத்தில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. அங்கே பக்தர் தன் கன்றைத்தான் விடுகிறார். வளர்த்தால் காசாகும், விற்றால் பணமாகும் என்று தெரிந்தே விடுகிறார். பிறர் வீட்டுச் சட்டியைத் திறந்து பார்க்கும் பக்தி அல்ல அது. ஆகவேதான் அந்த மந்தைக்கு முன்னால் மாட்டுக்கறி உண்பவரும் மரியாதையோடு நிற்க முடியும்.

உண்பவருக்கும் கடமை இருக்கிறது. வள்ளுவரின் வாதம் அவரை விடுவதாக இல்லை. சந்தையில் வாங்கிய மாடு எப்படி ஏற்றப்பட்டது, எவ்வளவு நேரம் தண்ணீரில்லாமல் நின்றது, எங்கே எப்படி அறுக்கப்பட்டது என்று கறிக்கடையில் யாரும் கேட்பதில்லை. 2017 மே மாதம் மத்திய அரசு, அறுப்பதற்காகக் கால்நடைச் சந்தைகளில் மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. மே 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை போட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. உணவுரிமை பக்கம் நின்றவர்கள் அன்று மகிழ்ந்தது நியாயம். ஆனால் அந்த விதிகளின் தலைப்பில் இருந்த வதைத் தடுப்பு என்ற பகுதியைப் பற்றி இரு தரப்பும் பிறகு பேசவே இல்லை.

பேச வேண்டியது எழுத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் விலங்குகளைக் கொண்டுசெல்லும் விதிகளின்படி சாதாரணச் சரக்கு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. 2001ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகள், கால்நடை மருத்துவர் ஒவ்வொரு மாட்டையும் பார்க்க வேண்டும் என்கின்றன. ஒருவர் மணிக்கு 12, நாளுக்கு 96க்கு மேல் பார்க்கக் கூடாது. பார்த்தபின் மாட்டுக்கு 24 மணி நேரம் ஓய்வு. ஒரு மாட்டின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி இஸ்லாமிய அறிஞர்கள் காலங்காலமாகச் சொல்லிவருவதும்கூட: கத்தி கூராக இருக்க வேண்டும், விலங்கின் முன்னால் தீட்டக் கூடாது, ஒன்றின் முன்னால் மற்றொன்றை அறுக்கக் கூடாது, முதலில் தண்ணீர் காட்ட வேண்டும். தொழுவத்து மாட்டுக்கு அகத்திக்கீரை கொண்டுபோகிறவரும் கறிக்கடையில் ஒரு கிலோ கழுத்துக்கறி வாங்குகிறவரும் இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கு ஒரே மனுவோடு போக முடியும். அந்த மனுவில் முதல் கையெழுத்து கறி வாங்குகிறவருடையதாக இருக்க வேண்டும். அந்த மாடு லாரியில் ஏறியது அவருக்காகத்தான்.